மடக்குக் கத்தியின் பூட்டு இறுகிவிட்டதா?

அல்குர்ஆனின் 57ஆவது அத்தியாயத்திற்கு ‘அல்ஹதீத்’ என்று பெயர். ‘இரும்பு’ என்பது அதன் பொருள். அதன் 25ஆவது வசனத்தில் இரும்பைப் பற்றிக் குறிப்பிடும் அல்லாஹுத் தஆலா, அதில் கடும் வலிமையும் மனிதர்களுக்குப் பல பயன்களும் இருப்பதாக இரண்டையும் சேர்த்தே சொல்கிறான். நமது குசினி லாச்சியில் கிடக்கும் சிறிய மடக்குக் கத்திக்கும் இது பொருந்தும். மாங்காய் சீவவும், கயிறு அறுக்கவும், பயணத்தில் பழம் வெட்டவும் அது உதவுகிறது. கவனம் தவறினால் விரலைப் பதம் பார்ப்பதும் அதுவே.

மடக்குக் கத்தியை விரித்ததும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். வெட்டும்போது அலகு திடீரெனக் கைவிரல் மீது மடங்கிவிடாமல் பிடித்துக்கொள்ளும் பூட்டின் சத்தம் அது. சில வேளை அந்தப் பூட்டு இறுகிக் கொள்கிறது. எவ்வளவு அமுக்கினாலும் கத்தி மடங்குவதில்லை. அப்போது நம்மில் பலர் பல்லைக் கடித்துக்கொண்டு பலம் முழுவதையும் பிரயோகிக்கிறோம். பூட்டு சட்டென விடுபடும் அந்தக் கணத்தில்தான் விரல் வெட்டுப்படுகிறது. ஆகவே சகோதரிகளே, இறுகிய பூட்டுக்கு முதல் மருந்து நிதானம்.

உங்கள் கத்தி எந்த வகை?

பூட்டுகள் பலவிதம். வீடுகளில் பெரும்பாலும் காணப்படுபவை மூன்று.

முதலாவது, முதுகுப் பூட்டு. பிடியின் முதுகுப்புறத்தில் அமுக்குவதற்கென ஓர் இடம் இருக்கும். அதை அமுக்கினால் உள்ளேயுள்ள கொக்கி அலகின் வெட்டுப் பள்ளத்திலிருந்து விடுபடும்.

இரண்டாவது, பக்கத் தகட்டுப் பூட்டு. பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு பக்கவாட்டில் நகர்ந்து, அலகின் அடிப்பகுதிக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நிற்கும். பெருவிரலால் அதை ஒதுக்கினால் கத்தி மடங்கும்.

மூன்றாவது, வளையப் பூட்டு. மரப்பிடியின் கழுத்தில் உள்ள உலோக வளையத்தைத் திருப்பினால் பூட்டும், திறக்கும். பிரான்ஸின் சவோய் பிரதேசத்தில் 1890இல் ஜோசப் ஒப்பினெல் என்பவர் செய்யத் தொடங்கிய கத்தி இதற்குப் பிரபலமான உதாரணம். அதில் வளையம் 1955இல் சேர்க்கப்பட்டது.

இறுகுவது ஏன்?

பெரும்பாலும் அழுக்குத்தான் காரணம். சட்டைப்பையின் நூல் தூசு, பழச்சாற்றின் சீனிப் பிசுக்கு, பலாக்காய்ப் பால், காய்ந்த இரத்தம் ஆகியவை அச்சாணியைச் சுற்றிலும் பூட்டின் பள்ளத்திலும் படிந்து கல்லாகிவிடுகின்றன. அடுத்த காரணம் கறள். கரையோர ஊர்களில் உப்புக் காற்று கறளை விரைவாகக் கொண்டுவரும். அச்சாணித் திருகாணி அளவுக்கு மீறி முறுக்கப்பட்டிருப்பதும், மரப்பிடி ஈரத்தில் ஊதிப்போவதும் மற்றைய காரணங்கள்.

முதலில் பாதுகாப்பாக மடக்குங்கள்

கத்தி விரிந்த நிலையில் இறுகியிருந்தால், அலகு வந்து விழும் பாதையில் ஒரு விரலும் இல்லாதவாறு பிடியின் இரு பக்கங்களையும் பிடியுங்கள். தடித்த துணியொன்றை மடித்து அலகின் முதுகைப் பிடித்து, மடக்கும் திசைக்கு எதிராக, அதாவது இன்னும் விரிப்பது போல் இலேசாகத் தள்ளுங்கள். பூட்டின் மீதுள்ள அழுத்தம் குறையும். அந்த நிலையிலேயே பூட்டை அமுக்குங்கள், அல்லது தகட்டை ஒதுக்குங்கள். அப்படியும் விடுபடாவிட்டால் விரிந்தபடியே வைத்துச் சுத்தம் செய்யுங்கள்.

சுத்தம் செய்யும் முறை

1. பலாப் பால் ஒட்டியிருந்தால் முதலில் தேங்காய் எண்ணெய் பூசிச் சற்று நேரம் விட்டுத் துடையுங்கள். தண்ணீர் மட்டும் அதைப் போக்காது.

2. இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரம் கரைத்து, பழைய பல் பிரஷ் ஒன்றினால் அச்சாணி, பூட்டின் பள்ளம், பிடியின் உட்புறம் ஆகியவற்றைத் தேயுங்கள். பிரஷ் எட்டாத மூலையில் ஈர்க்குச்சியைப் பயன்படுத்தலாம். மரப்பிடிக் கத்தியை மட்டும் நீரில் ஊறப்போட வேண்டாம்.

3. நல்ல நீரில் அலசி, துணியால் ஒற்றி, விரித்தபடியே முழுமையாக உலரவிடுங்கள்.

4. அச்சாணியில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விடுங்கள். பல தடவை மெதுவாக விரித்து மடக்கி, வெளியே கசிந்ததைத் துடைத்துவிடுங்கள். உணவு வெட்டுமுன் அலகைக் கழுவிக்கொள்ளுங்கள்.

தேங்காய் எண்ணெயையே பூட்டுக்கு விட்டு வைக்கக் கூடாதா என்று கேட்கலாம். கூடாது. நுவரெலியா போன்ற குளிர் பிரதேசங்களில் அது உறைந்துவிடும். மற்ற இடங்களிலும் நாளடைவில் சிக்குப் பிடித்துத் தூசியைச் சேர்க்கும்.

கறள் இருந்தால் மெஷின் எண்ணெய் தடவி ஓர் இரவு விட்டு மறுநாள் பிரஷால் தேயுங்கள். அச்சாணியில் திருகாணித் தலை இருந்து, சுத்தம் செய்த பின்னரும் அலகு அசைய மறுத்தால், திருகாணியை ஒரு நூலளவு தளர்த்திப் பாருங்கள். அலகு பக்கவாட்டில் ஆடத் தொடங்கினால் தளர்த்தியது அதிகம்.

பக்கத் தகட்டுப் பூட்டு சுத்தமாக இருந்தும் ஒட்டிப் பிடித்தால், தகடு அலகைத் தொடும் முனையில் பிள்ளைகளின் பென்சிலால் கறுப்பாகக் கோடிடுங்கள். பென்சில் கரி வழுவழுப்பைத் தரும். அந்த முனையில் எண்ணெய் வேண்டாம், பூட்டு வழுக்கக்கூடும்.

மரப்பிடி ஊதியிருந்தால் நிழலில் காற்றோட்டமாக ஓரிரு நாட்கள் வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். அடுப்பின் மேல் காயவைத்தால் மரம் வெடிக்கும். மடங்கிய நிலையில் அலகு வெளியே வராவிட்டால், வளையம் திறந்திருக்கிறதா என்று பார்த்து, பிடியின் அடிப்பக்கத்தை மேசையில் இலேசாகத் தட்டுங்கள். அலகு சற்று மேலே எழும்.

இறுகும் பூட்டும் பிடிக்காத பூட்டும்

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நன்கு விளங்கிக்கொள்ள வேண்டும். இறுகும் பூட்டு தொல்லை தருவது. பிடிக்காத பூட்டோ ஆபத்தானது. இறுக்கத்தைப் போக்குவதாக எண்ணி அரத்தால் பூட்டை ராவினால், தொல்லை ஆபத்தாக மாறிவிடும். ராவிய இரும்பு திரும்பி வராது.

எனவே சுத்தம் செய்த பின்னர் பூட்டைச் சோதியுங்கள். கத்தியை விரித்து, விரல்களை அலகின் பாதைக்கு வெளியே வைத்து, அலகின் முதுகை மடித்த துணியின் மேல் இலேசாக அழுத்துங்கள். அலகு மடங்கினால் பூட்டு செத்துவிட்டது. அந்தக் கத்தியை மீண்டும் லாச்சியில் போடாதீர்கள். யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். நமக்கு ஆகாதது என்று தெரிந்த பொருளை இன்னொருவர் கையில் கொடுப்பது ஸதகாவாகாது.

மார்க்கம் காட்டும் ஒழுங்கு

கோழி அறுத்த மடக்குக் கத்தியை மேலால் துடைத்துவிட்டு மடக்கி வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. ஓடும் இரத்தம் நஜீஸ் ஆகும். ஷாபிஈ மத்ஹபின்படி துடைப்பது போதாது, கழுவியே ஆகவேண்டும். பூட்டின் இடுக்கில் இரத்தம் தங்கியிருந்தால் அடுத்த முறை அது பழத்தோடு சேரும். உட்புறம் வரை நீர் செல்லும்படி கழுவினால் சுத்தமும் கிடைக்கும், பூட்டும் இறுகாது.

உழ்ஹிய்யாப் பிராணிகளை அறுக்க மடக்குக் கத்தியை எடுக்காமல், உறுதியான பிடியுள்ள மடங்காத கத்தியையே எடுங்கள். எல்லாக் காரியத்திலும் இஹ்ஸானைப் பேண வேண்டும், அறுப்பவர் கத்தியைத் தீட்டிப் பிராணிக்கு வேதனையைக் குறைக்க வேண்டும் என்ற கருத்திலான நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ளது.

உறையிலிருந்து உருவிய வாளை ஒருவர் மற்றவரிடம் கொடுப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் இடம்பெற்றுள்ளது. விரித்த கத்தியும் உருவிய வாளைப் போன்றதே. பிள்ளை “உம்மா, கத்தியைத் தாங்க” என்று கேட்டால் மடக்கியே கொடுங்கள். அதைத் திருப்பித் தரும்போதும் மடக்கித் தரப் பழக்குங்கள். பூட்டு இறுகியிருக்கும் வீட்டில் கத்தியை விரித்தபடியே வைக்கும் பழக்கம் வந்துவிடுகிறது. சின்னஞ்சிறு கைகள் அதைத் தேடி வர நேரம் செல்லாது.

மாதத்தில் ஒரு நாள், பத்து நிமிடம் ஒதுக்கி வீட்டுக் கத்திகளைக் கழுவி, உலர்த்தி, ஒரு துளி எண்ணெய் விடுங்கள். நம் கையிலுள்ள பொருளும் அமானத், நம் பிள்ளைகளின் விரல்களும் அமானத். இரண்டையும் பேணிக்கொள்ள வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக. ஆமீன்.