துயரும் துணையும்

மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழ்வோர் யாவரும் அறிந்த காட்சி ஒன்றுண்டு. கோடைகாலத்தில் கடலலைகள் மணலைக் கொணர்ந்து குவிப்பதனால், பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரம் அடைபட்டு விடுகின்றது. வடகீழ்ப் பருவமழை பெய்து வாவி நிரம்பும்போது அம்மணற்றிட்டு உடையாவிடின், அல்லது வெட்டிவிடப்படாவிடின், நீர் கடலிற் சேர வழியின்றித் தாழ்நிலத்து வயல்களிலும் மனைகளிலும் ஏறிவிடும். நீர் தீயதன்று; அது செல்ல வழியில்லாமையே தீங்காகின்றது. உற்றாரை இழந்தோரின் துயரமும் இத்தகையதே. அதுபற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

நேயர்களே, துயரம் நோயன்று. பசியின்மை, உறக்கக் கேடு, எதிலும் மனம் பற்றாமை ஆகியன இழப்பின் பின் வருதல் இயல்பு. இறந்தவரின் குரல் முற்றத்திற் கேட்பதுபோலத் தோன்றுதலும், தோணியைக் கரையேற்றிவிட்டு அவர் படலையைத் திறந்து வருவதுபோலத் தோன்றுதலும் பலருக்கு நேர்வனவே; அவற்றைக் கண்டு, ‘எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ’ என்று அஞ்ச வேண்டியதில்லை. ‘அன்றைக்குச் சற்று முன்னரே வைத்தியரிடம் கொண்டுசென்றிருந்தால்’ என்று தன்னையே குற்றஞ்சாட்டுவதும், ‘என்னைத் தனியே விட்டுப் போய்விட்டாரே’ என்று இறந்தவர்மீதே சினங்கொள்ளுவதும் உண்டு. இத்துயரம் அலையலையாய் வரும். நாட்செல்ல, அலைகளுக்கிடையே அமைதி நீளும். ஆயினும் தைப்பொங்கலோ, பெருநாளோ, ஆண்டு நினைவோ வரும்போது மீண்டும் ஓர் அலை எழும். அதனைப் பின்னடைவென்று கொள்ளலாகாது.

துயரத்தோடு பதகளிப்பும் சேர்ந்து வருவதுண்டு. ஒருவரைப் பறிகொடுத்தவர், எஞ்சியிருப்பவரையும் இழந்துவிடுவோமோ என்று ஏங்குகின்றார். பிள்ளை பாடசாலையிலிருந்து வரச் சிறிது தாமதித்தாலும் நெஞ்சு படபடக்கின்றது, கை விறைக்கின்றது, மூச்சு முட்டுகின்றது. நம்மவர் இதனை மனத்தின் வருத்தமென்று கூறுவது அரிது. ‘ஒரே யோசனை’, ‘தலையிடி’, ‘நெஞ்சுக்குள் ஏதோ அடைக்கின்றது’ என்றே வைத்தியரிடம் கூறுவர். ஆபத்தென்று உடல் எண்ணியதும் இதயம் விரைந்து துடிக்கின்றது, மூச்சு மிகுகின்றது, அம்மிகையான மூச்சினாலேயே விரல்கள் விறைக்கின்றன. அவ்வேளையில் ஓரிடத்தில் அமர்ந்து, உள்ளிழுக்கும் மூச்சிலும் வெளிவிடும் மூச்சினை நீளமாக்கிச் சில நிமிடங்கள் விட்டுவந்தால், உடல் மெல்ல அடங்கும். முதன்முறையாக நெஞ்சுவலி கண்டால், அது மனத்தினால் வந்ததென்று தாமே முடிவு செய்யாது, வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

நம் முன்னோர் துயரத்திற்கு வழிவெட்டி வைத்திருந்தனர். செத்தவீட்டில் ஒப்பாரி வைத்து அழுதல், எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள், ஆட்டைத் திவசம் என்னும் முறைகள், ஆடி அமாவாசையன்று அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத் தீர்த்தக்குளத்தில் நீராடித் தந்தையரை நினைத்தல் ஆகியன சைவ மக்களிடையே உள்ளன. முஸ்லிம் மக்களிடையே கணவனை இழந்தவள் 4 மாதமும் 10 நாளும் ‘இத்தா’ இருக்கின்றாள். கிறித்தவர்கள் நினைவு வழிபாடு நடத்துகின்றனர். இவை யாவும் இறப்பை ஊரறியச் சொல்லுகின்றன, உறவினரைக் கூட்டுகின்றன, அழுவதற்கும் எழுவதற்கும் காலம் வகுக்கின்றன.

எனினும், முப்பத்தோராம் நாள் கழிந்ததும் வந்தவர்கள் போய்விடுகின்றனர். பெரும்பாலோர்க்கு உண்மையான தனிமை அன்றுதான் தொடங்குகின்றது. மட்டக்களப்பிலே வீடு பெண்வழிச் சொத்தாகையால், கணவனை இழந்தவள் தன் வீட்டிலேயே தாயும் சகோதரியரும் அருகிருக்க வாழ்கின்றாள், அது பெருந்துணை. மனைவியை இழந்த ஆண்மகனோ அவள் வீட்டிலே, அவள் உறவினர் நடுவிலே, ‘ஆண்பிள்ளை அழலாமா’ என்ற சொல்லுக்கு அஞ்சி வாய்மூடி இருந்துவிடக்கூடும். அத்தகையோரைச் சாராயம் எளிதிற் பற்றிக்கொள்ளும். அது உறக்கம் தருவதுபோலக் காட்டி, விடியுமுன் உறக்கத்தைக் கலைத்து, சோர்வினை இரட்டிப்பாக்கும்.

கிரியை செய்யவே வழியற்ற இழப்புகளும் இம்மண்ணில் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நாவலடி, கல்லடிப் பகுதிகளை அழித்தபோது, பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. அதற்கு முன்னும் பின்னும் போர்க்காலத்திலே காணாமற் போனோரின் குடும்பங்கள் இன்னும் காத்திருக்கின்றன. இறந்தார் என்று பொட்டழிக்கவும் மனமில்லை. இருக்கின்றார் என்று நம்பவும் வலுவில்லை. இந்நிலையைத் தெளிவற்ற இழப்பென்று அமெரிக்க அறிஞர் போலின் பாஸ் விளக்கினார். 1990களில் இப்பகுதியில் ஆய்வு செய்த மானிடவியலாளர் பற்றீசியா லோரன்ஸ், அம்மன் கோயில்களிலே தெய்வமாடி வாக்குச் சொல்வோரிடம் இத்தகைய தாய்மார் திரண்டு சென்றதை எழுதியுள்ளார். வெளியே பேச அஞ்சிய காலத்தில், அழுவதற்கும் கேட்பதற்கும் அக்கோயில் முன்றிலே இடமாயிற்று. 1996இல் மட்டக்களப்பு நகரில் அமைந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவோ, போரால் தாக்குண்ட சிறார் களிமண்ணாலும் ஓவியத்தாலும் கதையாலும் தம் துயரை வெளியிட வழிசெய்தது. பிள்ளைகளும் துயருறுகின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது. ‘அப்பா தூரப்பயணம் போயிருக்கின்றார்’ என்று மறைப்பதைவிட, அவர்க்கு விளங்கும் சொல்லில் உண்மையைக் கூறுதலே நன்று.

இனி, துயரம் எப்போது நோயாகின்றது? துயருற்றவர்க்கு உலகம் வெறுமையாகத் தோன்றும். ஆயினும் பேரப்பிள்ளையின் மழலை கேட்டு ஒரு கணம் முகம் மலரும். மனச்சோர்வு நோயிலோ இரண்டு வாரத்திற்கு மேலாக நாள்முழுதும் இருள் நீங்குவதில்லை. தான் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணம் வேரூன்றுகின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு 2022 முதல் நீடித்த துயர நோயென ஒன்றையும் ஏற்றுள்ளது. 6 மாதம் கடந்தும், தம் சமூக வழக்கினை விஞ்சிய கடுந்துயர் நீங்காது, அன்றாட வாழ்வு தடைப்பட்டிருப்பதே அதன் அடையாளமாகும். ‘அவரிடமே போய்விடலாம்’ என்ற எண்ணம் எழுமாயின், நாட்கணக்குப் பார்த்தல் வேண்டா. அன்றே உதவி நாட வேண்டும். அவ்வெண்ணம் உண்டோவென வெளிப்படையாகக் கேட்பதனால் அது புதிதாய் முளைப்பதில்லை. கேட்டதனாற் சுமை இறங்கியவரே பலர். அத்தகையோர் உள்ள வீட்டில் வயலுக்கு அடிக்கும் நஞ்சினை அகற்றி, அவரைத் தனியே விடாதிருத்தல் வேண்டும்.

மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு உண்டு. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி எண்ணில் தமிழிலும் பேசலாம். பேச்சுவழிச் சிகிச்சையே சிலர்க்குப் போதும். மருந்து வேண்டியவர்க்கு, மனச்சோர்வைத் தீர்க்கும் மாத்திரைகள் பயன் காட்ட இரண்டு வாரமோ அதற்கு மேலோ செல்லும். இடையிலே தாமாக நிறுத்துதல் கூடாது.

துயருற்றவர் தாமே செய்யத்தக்கதும் உண்டு. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்னும் அறிஞர் இருவர் 1999இல் ஒரு கருத்தினை விளக்கினர். இழப்பை நினைந்து அழுவதும், அதனைச் சற்றே மறந்து வாழ்வின் கடமைகளிற் புகுவதும் மாறிமாறி நிகழ்வதே ஆறுதலின் வழியென்பதாம். ஆகையால் அழுதல் கோழைத்தனமன்று, சிரித்தல் துரோகமுமன்று. நாள்தோறும் ஒரே வேளையில் எழுக, சிறிதாயினும் உண்க, மாலையில் வாவிக்கரையிற் சிறிது நடக்க, வலை பின்னுதலோ, முற்றம் கூட்டுதலோ, ஒரு சிறு வேலையைச் செய்து முடிக்க.

அயலவராகிய நமக்கும் ஒரு கடமையுண்டு. ‘எல்லாம் விதி, மறந்துவிடு’ என்று வாயடைத்தல் ஆறுதலாகாது. இறந்தவரின் பெயரைச் சொல்லி, அவர் செய்த நன்மையை நினைவுகூர்ந்து, எதிர்வீட்டார் பேசுவதைக் கேட்டிருத்தலே ஆறுதல். நேயர்களே, உங்கள் ஒழுங்கையில் முப்பத்தோராம் நாள் கழிந்த வீடு ஒன்று இருக்கக்கூடும். முப்பத்திரண்டாம் நாள் அவ்வீட்டுப் படலையைத் திறந்து செல்லுங்கள். அடைபட்ட முகத்துவாரத்தை வெட்ட ஊரார் கூடுவது போலவே, அடைபட்ட நெஞ்சத்திற்கு வழிசெய்வதும் ஊராரின் பணியேயாகும்.