கல் நகர்ந்த கதைகளும் அவற்றின் வினைச்சொற்களும்

பெங்களூரின் பசவனகுடியில், பியூகிள் பாறை என்று வழங்கும் குன்றை அடுத்து, ஒரே கல்லில் செதுக்கப்பெற்ற பெரிய நந்தி ஒன்று கோயில் கொண்டுள்ளது. அது ஏறத்தாழ 4.5 மீட்டர் உயரமும் 6 மீட்டர் நீளமும் உடையது. 1537-இல் முதலாம் கெம்பெ கௌடர் இக்கோயிலை எழுப்பினார் என்பது மரபு. இந்நந்தியைப் பற்றிய கதை சிறியது. சுங்கேனஹள்ளி உழவர்களின் நிலக்கடலைப் பயிரை ஒரு காளை இரவில் மேய்ந்து அழித்துவந்தது. சினமுற்ற உழவன் ஒருவன் அதனை அடித்தான்; காளை அவ்விடத்திலேயே கல்லாயிற்று. கல்லான பின்னும் அது வளர்ந்துகொண்டே சென்றது. அஞ்சிய மக்கள் சிவபெருமானை வேண்டி, அதன் தலையில் சூலம் ஒன்றை நாட்டினர், வளர்ச்சி நின்றது. கார்த்திக மாதத்தின் கடைசித் திங்களை ஒட்டி அங்கு இன்றும் நடைபெறும் ‘கடலெக்காயி பரிஷெ’ என்னும் விழாச் சந்தை இக்கதையோடு இணைத்தே பேசப்படுகிறது.

இத்தகைய கதைகளில் கல்லுக்கு உரியதாக வரும் வினைச்சொல்லின் இயல்பு யாது, அதனை மொழிபெயர்ப்போர் எங்கே தவறக்கூடும் என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். கல் வளருமா என்னும் வினா இங்கு எழவில்லை.

முதலில் பயிரைப் பற்றி ஒரு சொல். நிலக்கடலை தென்னமெரிக்கச் செடி. ஐரோப்பியக் கடலோடிகளின் வருகைக்குப் பின்னரே இந்நாட்டிற்கு வந்தது. பெரும் பரப்பில் பயிரானது 19ஆம் நூற்றாண்டில். ஆகவே 1537-இல் பெங்களூர் வயல்களில் அது விளைந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கதை கோயிலுக்குப் பிற்பட்டதாக இருக்கலாம். அல்லது முன்னர் வேறொரு பயிர் நின்ற இடத்தில் நிலக்கடலை வந்து அமர்ந்திருக்கலாம். தமிழில் ‘கடலை’ என்பதும் கன்னடத்தில் ‘கடலெ’ என்பதும் கொண்டைக்கடலைக்கே முதலில் உரியவை. புதிய பயிர் அப்பெயரைப் பின்னர்ப் பெற்றது. சொல் பழையதாக இருக்கப் பொருள் மாறிவிட்டால், கதை மாறியதை அதனைச் சொல்பவரே அறியமாட்டார்.

இனி வினைக்கு வருவோம். கன்னடத்தில் ‘பெளெ’ என்பது பெயராக நின்று ‘பயிர்’ என்றும், வினையாக நின்று ‘வளர்’ என்றும் பொருள்படும். குழந்தை வளர்வதும் கதிர் விளைவதும் அம்மொழியில் ஒரே வினை. தமிழ் ‘விலை’ கன்னடத்தில் ‘பெலெ’ ஆவது போலத் தமிழ் ‘விளை’ அங்கே ‘பெளெ’ ஆகியுள்ளது. பெளெயைத் தின்ற பசவன் பெளெந்தான் என்னும் இயைபு கன்னடத்தில் தானே அமைந்து கிடக்கிறது. கதை கட்டியோர் அதனைக் கருதினரா என்பதைவிட, மொழி அதற்கு இடம் தந்தது என்பதே நாம் கொள்ளத்தக்கது.

இக்கதையில் மனிதர்க்குரிய வினைகள் யாவும் செயப்படுபொருள் குன்றாதவை: அடித்தான், நாட்டினர். கல்லுக்குரியவை குன்றியவை: ஆயிற்று, வளர்ந்தது, நின்றது. கல்லை எவரும் வளர்க்கவில்லை. தமிழில் வளர்ந்தது, வளர்த்தது என்னும் இரண்டிற்கும் இடையே உள்ளது ஓர் ஒற்றின் வேறுபாடே. ஆயினும் கதை முழுவதும் அவ்வொற்றில் தொங்குகிறது.

இவ்வேறுபாட்டின் கனம் திருப்புன்கூரில் இன்னும் தெளிவாகப் புலனாகும். வைத்தீசுவரன்கோயிலை அடுத்த அவ்வூரில் நந்தி கருவறைக்கு நேராக இல்லாமல் சற்றே ஒதுங்கியுள்ளது. கோயிலுக்குள் நுழையத் தமக்கு உரிமையில்லை என்று வெளியே நின்ற திருநாளைப்போவார் இறைவனைக் காணும்பொருட்டு அது விலகியது என்பது வரலாறு. 12ஆம் நூற்றாண்டினரான சேக்கிழார் இங்கு ஆளும் வினை ‘விலங்கு’ என்பது. குறுக்கே கிடத்தல், விலகுதல் ஆகிய இரண்டும் அச்சொல்லின் பொருள்களாம்! மறைத்ததும் வழிவிட்டதும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. கல் விலங்குமாறு இறைவன் அருளினான் என்றே அவர் அமைக்கிறார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் இதனை மாற்றி, இறைவனே நந்தியிடம் நேரில் பேசுவதாக, மரியாதை தொனிக்கும் ஏவல் வினையில் வைத்தார். எவ்வகையிலும் விலகும் செயல் நந்தியினுடையது. வாயிற்புறத்தில் அடியவரை நிறுத்திவைத்த மனிதர்கள் எதனையும் விலக்கவில்லை. ‘நந்தியை விலக்கினர்’ என்று மொழிபெயர்த்தால், அவர்கள் செய்யாத நற்செயலை அவர்களுக்கு வழங்கியவர் ஆவோம். ‘நந்தி விலக்கப்பட்டது’ என்னும் செயப்பாட்டு வினையும் ஏறக்குறைய அதே பிழையே.

உடுப்பியில் கனகதாசருக்காகக் கிருஷ்ணர் மேற்கே திரும்பிய கதையும் இவ்வகையினதே. அங்கே கன்னட வினை ‘திருகு’. அது தமிழ்த் ‘திரும்பு’ என்பதற்கு நேரானது. ஒலியொப்புமை கருதித் தமிழிலும் ‘திருகு’ என்றால் முறுக்குதல் என்றாகிவிடும். ஆந்திரத்து யாகண்டி நந்திக்கு வழங்கும் தெலுங்கு ‘பெருகு’ என்பதற்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். அதற்குரிய தமிழ்ச்சொல் ‘வளர்’. நம் ‘பெருகு’ வெள்ளத்திற்கும் செல்வத்திற்கும் உரியது.

இங்கிலாந்தின் ரோல்ரைட் கற்களோடு இவற்றை ஒப்பிடுவது பயன் தரும். அக்கற்கள் நள்ளிரவில் நீர் பருகச் செல்லும் என்பது அந்நாட்டார் வழக்கு. விடிந்தபின் அவை தம் இடத்திலேயே நிற்கும், சென்றதற்கு அடையாளமில்லை. திருப்புன்கூர் நந்தியோ ஒருமுறை விலகி, விலகியபடியே உள்ளது. ‘நந்தி விலகியிருக்கிறது’ என்னும் தொடரை நோக்குக. அது ஒரு நிலையை மட்டும் சுட்டலாம். முன் நடந்த நிகழ்ச்சியையும் சுட்டலாம். ‘மரம் சாய்ந்திருக்கிறது’, ‘சுவர் வளைந்திருக்கிறது’ என்பனவும் அவ்வாறே. அசையாப் பொருளின் கிடையைக் கூறவும் அசைவு வினையின் எச்சத்தையே தமிழ் பெரிதும் பயன்படுத்துகிறது. நேர்க்கோட்டிலிருந்து தள்ளியுள்ள ஒரு சிலையைக் கண்டு இயல்பாகச் சொல்லும் வாக்கியத்திலேயே பாதிக்கதை அமைந்துவிடுகிறது. யாருக்காக விலகியது என்பதுதான் எஞ்சும் வினா. கதை இத்தொடரிலிருந்தே பிறந்தது என்று துணிந்து கூற இயலாது. எனினும் கதை நிலைபெறுதற்கு இத்தொடர் துணை செய்தது எனலாம்.

ஆங்கிலத்தின் ‘மூவ்’, ‘டர்ன்’, ‘ரோல்’ ஆகிய வினைகள் தன்வினைக்கும் பிறவினைக்கும் ஒரே வடிவில் வருவன. ஆங்கிலவழிக் கதைகளைத் தமிழாக்குவோர் ஒவ்வோர் இடத்திலும் விலகு–விலக்கு, திரும்பு–திருப்பு, உருள்–உருட்டு என்னும் இணைகளுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். மாமல்லபுரத்துச் சரிவில் நிற்கும் வான் இறைக் கல்லை 1908-இல் ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கொண்டு அகற்ற முயன்றதாக ஒரு செய்தி வழங்குகிறது. ‘உருட்ட முயன்றனர், உருளவில்லை’ என்று தமிழில் எழுதும்போது அதன் இருபுறமும் தாமே பிரிந்து நிற்கின்றன.

பெங்களூர் நந்திக்கு மட்டும் இவ்வசதி உதவவில்லை. தமிழில் நெல் விளையும், உப்பு விளையும், முத்தும் விளையும், காளை விளையாது. எனவே ‘வளர்ந்தது’ என்றே எழுத வேண்டியுள்ளது. அவ்வாறு எழுதும்போது காளை தின்ற பயிர் அச்சொல்லிலிருந்து கழன்றுவிடுகிறது. ‘விளைச்சலைத் தின்று வளர்ந்தது’ என்று முன்னொட்டி ஓரளவு ஈடுசெய்யலாம்.