தகரத் தோணியும் தீவுக் கடலும்

குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் மோட்டார்ப் படகிற் பிரயாணஞ் செய்வோர், படகின் பக்கவாட்டிலே ஒரு துவாரம் ஓயாமல் நீரைத் துப்பிக்கொண்டு வருவதைக் கண்டிருப்பார்கள். உள்ளே கசிந்த நீரை இறைக்கிறார்கள் என்று எண்ணியும் இருப்பார்கள். பெரும்பாலும் அது யந்திரத்தின் உஷ்ணத்தைச் சுமந்து வெளியேறும் கடல் நீரேயாகும். விலைகொடுத்து வாங்கிய எண்ணெயை எரித்துப் பெற்ற உஷ்ணத்தைக் கடலிலே கொட்டுவானேன் என்று கேட்பவருக்கு, திருவிழாக் கடைகளில் முன்னெல்லாம் விற்ற நீராவித் தகரப் படகு நல்ல விடை கூறும்.

1891இல் தோமஸ் பியோ என்பவர் இங்கிலாந்தில் ஆக்கவுரிமை பெற்ற அமைப்பிலிருந்து வளர்ந்த இவ்விளையாட்டுப் பொருளில் சில்லுமில்லை, உந்துதண்டுமில்லை. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். குளிர்ப்பெட்டி திருத்துவோரிடம் கிடைக்கும் மெல்லிய செப்புக் குழாயில் ஒரு முழம் வாங்கி, வளைக்கையில் நசுங்காதிருக்க உள்ளே நுண்மணலை நிரப்பி (தீவகத்தில் மணலுக்கா பஞ்சம்!), நடுப்பகுதியைத் தடித்த கம்பொன்றில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, மணலைத் தட்டி அகற்றியபின், தகரப் பேணியை வெட்டி மடித்த தோணியொன்றில் அதனைப் பொருத்தி, இரு முனைகளும் பின்புறம் நீர்மட்டத்தின் கீழே வாய்திறந்திருக்குமாறு நீட்டிவிடவேண்டும். அம்முனைகளை எக்காரணங் கொண்டும் அடைத்தலாகாது. அடைத்தால் நீராவி குழாயைப் பிளந்துவிடும். குழாயில் நீர் நிரப்பி, சுருளின் கீழே தேங்காயெண்ணெய்த் திரியை ஏற்றினால், சற்றுப் பொறுத்துத் தோணி நடுங்கும். பின் துடித்துத் துடித்து முன்செல்லும். தொட்டியில் நன்னீரே இருக்கட்டும். உவர்நீர் சுருளினுள்ளே கொதித்து வற்ற வற்ற உப்புப் படிந்து வழியை அடைத்துவிடும்.

சுருளிலுள்ள நீர் ஆவியாகி விரிந்து, குழாயிலிருந்த நீரைப் பின்னோக்கித் தள்ளுகிறது. அவ்வாறு முன்னேறிய ஆவி, கடலிலோ தொட்டியிலோ அமிழ்ந்துள்ள குளிர்ந்த பகுதியை அடைந்ததும் மீண்டும் நீராகச் சுருங்க, உள்ளே அமுக்கம் குறைய, வெளியிலுள்ள நீர் குழாயினுட் புகுகிறது. புகுந்த நீரிற் சிறிது சூடான சுருளைத் தொட்டு மறுபடி ஆவியாகிறது. கடைப் படகின் படபடவென்ற ஓசை, அதன் கொதிகலத்தின் மேலுள்ள மெல்லிய தகடு இவ்வமுக்க மாற்றத்தால் மேலுங் கீழும் மடிவதனால் எழுவது. செப்புச் சுருள் அவ்வளவு ஆரவாரம் செய்யாது.

வெளியேறிய அளவு நீரே உள்ளேயும் வருகிறதெனில், தோணி முன்னும் பின்னும் ஆடி நின்ற இடத்திலேயே நிற்கவேண்டுமல்லவா? எரியும் விளக்கை ஒரு சாண் தூரத்திலிருந்து ஊதி அணைக்கலாம். அத்தூரத்திலிருந்து மூச்சை உள்ளிழுத்து அணைக்க எவராலும் இயலாது. தள்ளப்படும் நீரும் அவ்வாறே ஒரே திசையிற் பாய்ச்சலாகச் செல்கிறது; இழுக்கப்படும் நீரோ எல்லாத் திசைகளினின்றும் வந்து சேர்வதோடு, குழாயினுட் புகுந்து நிற்கையில் தோணியைப் பின்னிழுத்த வேகத்தையும் ஏறத்தாழ ஈடுசெய்து விடுகிறது.

இனி, தொட்டி நீரை நீக்கிவிட்டுக் கொதிக்கும் தறுவாயிலுள்ள நீரை ஊற்றிப் பாருங்கள். திரி அதே திரி, சுடர் அதே சுடர், தோணி தளர்ந்துவிடும். ஆவி சுருங்குவதற்கு இடமில்லை. நெருப்பு மாத்திரம் வேலை செய்வதில்லை, அதனருகே குளிர்ந்த ஓரிடமும் வேண்டும் என்னும் இவ்வுண்மையைப் பிரான்ஸ் தேசத்து சாதி கார்னோ 1824இல் ஒரு சிறு நூலில் விளக்கினார். 28 பாகையிலுள்ள நமது கடலைக் குளிர்ந்ததென்றால் நயினாதீவார் நகைக்கலாம். ஆயினும் 100 பாகை ஆவிக்கும் அக்கடலுக்கும் இடையில் இயங்கும் எந்த யந்திரமும், எத்துணைச் சாமர்த்தியமாக அமைக்கப்பட்டாலும், பெற்ற உஷ்ணத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 19 பங்குக்கு மேல் வேலையாக்க முடியாது. நமது தகரத் தோணி ஒரு பங்கையும் எட்டாது. டீசல் யந்திரம் மிகுந்த உஷ்ணத்தில் எரிப்பதனால் இதனிலும் பன்மடங்கு பயன் தருகிறது. அதுவும் பாதிக்கு மேற்பட்டதைப் புகையாகவும் சுடுநீராகவும் விட்டுவிடுகிறது.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிடங்களிலும் மின்சாரம் தந்துவருபவை இத்தகைய டீசல் யந்திரங்களே. சூரிய ஒளியால் 1,700 கிலோவாற்றும் காற்றினால் 530 கிலோவாற்றும் பெறுவதற்கு இந்திய உதவியுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தமாயிற்று. டீசலும் துணையாக நிற்கும். அக்காற்றாலைகளைச் சுழற்றவிருக்கும் சோளகக் காற்றோ, வெயிலிற் காய்ந்த ஆசிய நிலப்பரப்புக்கும் தென்கடலின் குளிர்ச்சிக்கும் இடையிலுள்ள உஷ்ண வேறுபாட்டினால் எழுவது. கார்னோவின் கணக்கு அதற்கும் பொருந்தும்.