கடைசியாக நடந்து வருகிறவர்கள்



நம் ஆஸ்பத்திரியிலிருந்து நான்கு பேர் மலைப்பாதை ஓட்டப் பந்தயம் ஒன்றில் நடந்தே கலந்துகொண்டோம் என்று கேள்விப்பட்டு, "ஓட்டப் பந்தயத்தில் நடக்க விடுவார்களா? இந்த வயதில் இது தேவைதானா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டாவது கேள்வியை எங்கள் வீட்டாரும் கேட்டார்கள்.

முதற் கேள்விக்குப் பதில்: விடுவார்கள். மலைப்பாதைப் பந்தயத்தில் பெரும்பாலோர் முழுத் தூரமும் ஓடுவதில்லை. முதலில் வருகிற வாலிபர்கள்கூட செங்குத்தான ஏற்றத்தில் தொடையில் கையை ஊன்றி நடந்துதான் ஏறுகிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குக் காரணம் காட்டுகிறது. சுமார் 15 டிகிரிக்கு மேற்பட்ட சரிவில் ஒரே வேகத்தில் ஏறும்போது, ஓடுவதைவிட நடப்பதற்குச் சரீரம் குறைந்த சக்தியையே செலவிடுகிறதாம். ஆகவே நடப்பது குற்றமல்ல. நேர வரம்புக்குள் வரவேண்டும், அவ்வளவுதான்.

இந்த நேர வரம்புதான் மெதுவாகச் செல்கிறவனுடைய கவலையெல்லாம். முடிவுக் கோட்டுக்கு மட்டுமல்ல, வழியிலுள்ள நிலையங்களுக்கும் ஒரு நேரம் குறித்திருப்பார்கள். அதைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தால் மேலே போக விடமாட்டார்கள். இதைக் கடின மனது என்று எண்ணவேண்டாம். காட்டுப் பாதையில் இருட்டிவிட்டால் தேடிப் போகிறவனுக்கும் ஆபத்து. தண்ணீர் கொடுக்கவும் காவல் நிற்கவும் வந்த தன்னார்வலர்கள் விடியற்காலையிலிருந்து நிற்கிறார்கள்.

பெயர் கொடுக்குமுன் கணக்குப் பார்க்கவேண்டும். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் 1892-ல் ஒரு எளிய கணக்குச் சொன்னார். இன்றைய அளவில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறவேண்டிய ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். எங்கள் பந்தயம் 12 கிலோமீட்டர், ஏற்றம் 600 மீட்டர். கணக்குப்படி 3 மணி 24 நிமிடம். வரம்பு 4 மணி நேரம். மீதி 36 நிமிடம் போதுமென்று துணிந்தோம். மூச்சு வாங்க நிற்பதும், கல் தடுக்குவதும், புகைப்படம் எடுப்பதும் நெய்ஸ்மித் கணக்கில் இல்லை என்பது பிறகுதான் விளங்கியது.

புறப்படுமுன் நால்வரும் இருதயப் பரிசோதனை செய்துகொண்டோம். கால் விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடமுள்ள காலணி, இறக்கத்தில் ஊன்ற ஒரு கைத்தடி, விசில் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளும்படி நம் பிசியோதெரபி சகோதரி சொன்னார். ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம்தான் தொடையை வாங்கும் என்றும் எச்சரித்தார். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. வலி மறுநாளும் அதற்கடுத்த நாளும் வரும். வந்தது. மூன்று நாள் வார்டு மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கினோம். நோயாளிகளுக்கு நல்ல பொழுதுபோக்கு.

எங்களுடன் வந்த ஓய்வு பெற்ற கம்பவுண்டர் ஐயாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். எழுபது வயதானவர். வெயிலுக்குப் பயந்து, தாகமில்லாவிட்டாலும் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் தண்ணீர் குடித்துக்கொண்டே வந்தார். எட்டாவது கிலோமீட்டர் நிலையத்தை வரம்புக்கு நான்கு நிமிடம் முன்னதாக எட்டினோம். அங்கே அவர் வாந்தி வருகிறதென்று உட்கார்ந்துவிட்டார். யாரோ அன்போடு இன்னொரு பாட்டில் தண்ணீரை நீட்டினார்கள். நம் நர்ஸ் சகோதரி அதைத் தடுத்து, அவர் விரலைப் பார்த்தார். மோதிரம் இறுகி, கை வீங்கியிருந்தது. மூன்று லிட்டருக்குமேல் குடித்திருந்தார்.

அளவுக்கு மீறிய தண்ணீர் இரத்தத்திலுள்ள சோடியத்தைக் குறைத்துவிடும். முற்றினால் மூளை வீங்கி வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். இது மெதுவாகச் செல்கிறவர்களையே அதிகம் பிடிக்கிறது, ஏனெனில் குடிப்பதற்கு அவர்களுக்குத்தான் நேரம் அதிகம். 2002-ம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் இரத்தம் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடி முடிக்கும்போது எடை கூடியிருந்தவர்களும், நான்கு மணி நேரத்துக்குமேல் எடுத்தவர்களும் அதில் அதிகம். தாகத்துக்குக் குடியுங்கள், கடிகாரத்துக்குக் குடிக்காதீர்கள் என்பதே இப்போது மருத்துவர்கள் சொல்லுவது. கம்பவுண்டர் ஐயாவை அங்கேயே நிறுத்தி, ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். அவர் கண் கலங்கினார், மறுத்துப் பேசவில்லை. நர்ஸ் சகோதரியும் துணைக்கு ஏறிவிட்டார். மாலையில் நம் பரிசோதனைக்கூடத்தில் பார்த்தபோது அவருடைய சோடியம் 131. 135-க்குக் குறையக்கூடாது.

மிச்சமிருந்த இருவரும் தொடர்ந்தோம். பத்தாவது கிலோமீட்டரில் இருக்கவேண்டிய தண்ணீர் மேசையை எங்களுக்கு முன்னரே எடுத்துவிட்டிருந்தார்கள். காலி வாழைப்பழத் தாரைப் பார்த்ததும் எங்களுக்குக் கோபம் வந்தது உண்மை. பின்னாலிருந்து ஒரு தம்பி வந்து தன் பையிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அவர்தான் ஸ்வீப்பர். நம் ஆஸ்பத்திரியில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள்; இங்கே கடைசி ஆளுக்குப் பின்னால் நடந்து, ஒருவரும் விடுபடாமல் பார்த்து, வழிகாட்டும் ரிப்பனையும் அவிழ்த்துக்கொண்டு வருகிறவர். "ஐயா, மெதுவா வாங்க. உங்களுக்குப் பின்னால நான் மட்டும்தான்" என்றார்.

பவுல் அப்போஸ்தலனுடைய ஓட்டப் பந்தய உவமையைப் பல வருஷம் பிரசங்கித்திருக்கிறோம். கடைசியாக வருகிறவனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசினதில்லை.

நூறு மைல் மலைப்பாதைப் பந்தயங்களுக்கெல்லாம் மூத்தது ஒன்று கலிபோர்னியாவில் இருக்கிறது. வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் என்று பெயர், 161 கிலோமீட்டர். ஆதியில் அது குதிரைச் சவாரி. 1974-ல் கோர்டி எய்ன்ஸ்லி என்பவர் குதிரையில்லாமல் தம் காலாலேயே 24 மணி நேரத்துக்குள் முடித்துக் காட்டினார். அதிலிருந்து மனிதர் ஓடும் பந்தயம் பிறந்தது. இப்போது வரம்பு 30 மணி நேரம். சனிக்கிழமை காலை 5 மணிக்குப் புறப்பட்டவர்கள் ஞாயிறு காலை 11 மணிக்குள் ஆபர்ன் ஊரின் பள்ளி மைதானத்துக்கு வந்துசேரவேண்டும். உண்ணுவதும் உட்காருவதும் உட்பட மணிக்குச் சுமார் 5.4 கிலோமீட்டர். அங்கே அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தைப் பொன்னான நேரம் என்கிறார்கள். முதலாவதாக வந்தவரைக் காண நின்றதைவிடப் பெருங்கூட்டம் அப்போது கூடுகிறது.

2015-ல் குன்ஹில்ட் ஸ்வான்சன் என்ற 70 வயது அம்மையார் அந்த மைதானத்துக்குள் நுழைந்தபோது நிமிடங்கள் தீர்ந்துகொண்டிருந்தன. முந்தின இரவே 15 மணி நேரத்துக்குள் வெற்றி பெற்றிருந்த ராப் க்ரார், காலில் ரப்பர் செருப்போடு அவருக்குப் பக்கத்தில் ஓடிவந்தார். அம்மையார் கோட்டைக் கடந்தது 29 மணி 59 நிமிடம் 54 வினாடியில். வரம்புக்கு ஆறு வினாடி மிச்சம். எழுபது வயதைத் தொட்ட பெண் ஒருவர் அந்தப் பந்தயத்தை முடித்தது அதுவே முதல் தடவை.

எங்களுக்கு ஆனது 3 மணி 51 நிமிடம். கூட்டம் ஒன்றுமில்லை, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கோட்டருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கம்பவுண்டர் ஐயா உட்கார்ந்திருந்தார். ஸ்வீப்பர் தம்பிக்கும் சேர்த்து மூன்று டம்ளர் டீ வாங்கி, ஆறிப்போகாமல் துண்டால் மூடி வைத்திருந்தார்.