ரைன் நதியில் ஏழு இரவுகள்

நதியில்லாத ஊரிலே பிறந்தவன் நான். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வாய்த்த வழுக்கையாறோ மாரி காலத்தில் மாத்திரம் ஓடிவிட்டுக் கோடையில் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும். கிணற்றுத் தண்ணீரிலே வளர்ந்த எங்களுக்கு ஆறென்பது தேசப்படத்திலே நீல மையினாற் கீறிய ஒரு கோடு. பூமிசாத்திரம் கற்பித்த முப்பத்துநான்கு ஆண்டுகளில் ரைன் நதியைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்து அழித்தேன் என்பதற்குக் கணக்கில்லை. எழுபத்துநான்காவது வயதில் அந்தக் கோட்டின்மீதே ஏழு இரவுகள் உறங்கி எழுவேன் என்று அக்காலத்தில் எவரேனும் சொல்லியிருந்தால் நகைத்திருப்பேன்.

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் என் மனைவியுடன் சுவிற்சலாந்திலுள்ள பாசல் நகருக்குச் சென்றிருந்தேன். எங்கள் மகள் அங்கே வாழ்கின்றாள். மனைவிக்கு முழங்கால் வாதம். மூன்று ஆண்டுகளாக அவள் நல்லூர்த் தேருக்குக்கூடப் போகவில்லை. வருத்தத்திலும் பார்க்க, மற்றவர்களுக்குத் தான் பாரமாகிவிடுவேனோ என்ற அச்சமே அவளை வீட்டோடு கட்டிப் போட்டிருந்தது. மருமகன் நதிக்கப்பற் பிரயாணம் பற்றிப் பேச்செடுத்தபோது அவளுடைய முதல் வார்த்தை, "கப்பலோ? குறிகட்டுவானிலயிருந்து நயினாதீவுக்குப் போன பாடு எனக்குத் தெரியும். என்னை விடுங்கோ" என்பதாகவே இருந்தது.

அந்த அச்சம் வீணானது என்பதையே முதலிற் சொல்லவேண்டும். நதியில் அலையில்லை. கடற்பிரயாணத்தின் குமட்டலும் தலைச்சுற்றும் அங்கு இல்லை. கப்பல் நகர்கின்றதா நிற்கின்றதா என்பதைச் சாளரத்தின் வழியே கரையைப் பார்த்துத்தான் அறியவேண்டியிருக்கும். எங்கள் மேசையிலிருந்த தேநீர்க் கோப்பை ஏழு நாளும் ஒரு சொட்டேனும் சிந்தவில்லை.

ஏன் நதிக்கப்பல்?

முதியவர்களுக்குப் பிரயாணத்தில் உண்டாகும் பெருந்துன்பம் பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் சுமப்பதுமேயாகும். நதிக்கப்பலில் ஒரு முறை பெட்டியைத் திறந்து உடுப்புகளை அலுமாரியில் வைத்துவிட்டால் அவ்வளவுதான். நாம் உறங்கும்போது வீடு நடக்கின்றது. விடிந்ததும் வேறோர் ஊர் வாசலில் வந்து நிற்கின்றது. ஐரோப்பாவின் பழைய நகரங்கள் ஆற்றங்கரையிலே பிறந்தவையாதலால், பல இடங்களிற் கப்பலை விட்டு இறங்கினாற் சந்தைச் சதுக்கம் கூப்பிடு தூரத்தில் இருக்கும்.

இக்கப்பல்கள் சமுத்திரக் கப்பல்களைப்போல் ஆயிரக்கணக்கானோரை ஏற்றுவனவல்ல. மிக நீண்டவை ஏறத்தாழ 135 மீற்றர் நீளமும் 11.4 மீற்றர் அகலமும் உடையவை. இருநூறு பேருக்குட்பட்டவர்களே பிரயாணஞ் செய்யலாம். இந்த அகலத்தை நிர்ணயித்தது கப்பற் கம்பனியன்று, நதியிலுள்ள நீர்ப்பூட்டுகளே. அவற்றுட் பலவற்றின் அகலம் 12 மீற்றர். உயரத்தை நிர்ணயிப்பவை பாலங்கள். தாழ்ந்த பாலம் வரும்போது மேற்றளத்திலுள்ள கைப்பிடிக் கம்பிகளையும் நிழற்றுணிகளையும் மடித்து வைத்துவிடுகின்றார்கள்.

ரைன் நதி அல்ப்ஸ் மலையிற் பிறந்து ஏறத்தாழ 1,230 கிலோமீற்றர் ஓடி வடகடலிற் சேர்கின்றது. பாசலுக்குக் கீழே இபெட்சைம் வரையிற் பத்து நீர்ப்பூட்டுகள் உள்ளன. முதலாவது பூட்டினுட் கப்பல் நுழைந்து இருபுறமும் கதவுகள் மூடப்பட்டதும், நீர் மெல்ல வடிய, நாங்களும் கப்பலோடு கீழே இறங்கினோம். சாளரத்துக்கு வெளியே பாசி படிந்த சுவர் உயர்ந்துகொண்டே போயிற்று. மனைவி அதைப் பார்த்துவிட்டு, "துலாவிலே பட்டையை இறக்கினமாதிரியெல்லோ கிடக்கு" என்றாள். நீர்ப்பூட்டின் இயல்பை என் மாணவர்களுக்கு விளக்க நான் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. இத்தனை சுருக்கமாக அதை நான் ஒருநாளும் சொல்லியதில்லை.

மறைந்திருந்த பதினாறு படிகள்

எல்லாம் இன்பமாகவே நடந்தது என்று எழுதினால் அது விளம்பரமாகிவிடும். நாங்கள் பிரயாணஞ் செய்த கப்பலின் விளம்பரத்தில் மின்தூக்கி உண்டு என்று அச்சிட்டிருந்தார்கள். அது உண்மையே. ஆனால் அந்த மின்தூக்கி கீழ்த்தளத்துக்கும் வராது, மேற்றளத்துக்கும் போகாது என்பதை அச்சிடவில்லை. கட்டணம் குறைவென்று கீழ்த்தளத்தில் அறை பிடித்திருந்தோம். அறைக்குப் பதினாறு படிகள். ஒவ்வொரு வேளை உணவுக்கும் என் மனைவி அப்பதினாறு படிகளையும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினாள். கம்பனியின் பெயர் இங்கு வேண்டியதில்லை. பணங்கட்டுமுன் கேட்கவேண்டிய கேள்வியைக் கேளாதது எங்கள் பிழையுந்தான்.

இரண்டாம் நாள் ஸ்ராஸ்பூர்க் நகரம். 142 மீற்றர் உயரக் கோபுரத்தையுடைய அதன் தேவாலயம் 1647 முதல் 1874 வரை உலகிலேயே மிக உயர்ந்த கட்டடமாக விளங்கியது. கப்பல் நின்ற துறையிலிருந்து பஸ்ஸிற் கொண்டுசென்று இறக்கினார்கள். அதன்பின் உருளைக் கற்கள் பதித்த தெருக்களில் நடை. வழிகாட்டி ஒலிபெருக்குங் கருவியொன்றை ஒவ்வொருவர் காதிலும் மாட்டிவிட்டு முன்னே விரைந்தார். அவருடைய குரல் எங்கள் காதில் இருந்தது. அவரோ இரண்டு தெருவுக்கு அப்பால் இருந்தார். மனைவி ஒரு வாங்கில் அமர்ந்துவிட்டாள்.

"நீங்கள் போய்ப் பார்த்திட்டு வாங்கோ. நான் இதிலை இருக்கிறன். நான் வந்தது உங்களுக்கும் கரைச்சலாப் போச்சு."

நான் போகவில்லை. போகாததும் அவளுக்குத் துன்பமே என்பது பின்னர்தான் விளங்கிற்று. அன்றிரவு அவள் சாப்பிட மேலே வரவில்லை. கொண்டுவந்திருந்த பருத்தித்துறை வடையில் இரண்டைக் கடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். இப்பிரயாணம் ஒரு தவறு என்று அன்று எனக்குத் தோன்றியது.

நாற்காலியில் இருந்தபடி

மறுநாட் காலையில், வரவேற்பு மேசையிலிருந்த பெண்ணிடம் எங்கள் நிலையை ஒளிக்காமற் சொன்னேன். மெல்ல நடப்போருக்கென வேறொரு குழுவும் வேறொரு வழிகாட்டியும் உண்டு என்று அவள் அப்போதுதான் கூறினாள். அதற்குமேல், கப்பலில் மாலுமிகள் இருவர் வந்து, "நாளைக் காலை அம்மா மேற்றளத்தில் இருக்கவேண்டும், நாங்கள் துணை செய்வோம்" என்று சொல்லிச் சென்றார்கள்.

அந்த நாளைக்காலை, ரூடஸ்ஹைமிலிருந்து கோப்ளன்ஸ் வரையிலான பயணம். ஏறத்தாழ 65 கிலோமீற்றர் நீளமான இப்பள்ளத்தாக்கை 2002ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது. நதியை இருபுறமும் மலைகள் நெருக்குகின்றன. சரிவெங்கும் முந்திரிகைத் தோட்டங்கள். ஒவ்வொரு வளைவிலும் ஒரு கோட்டை. அக்கோட்டைகளிற் பல, கப்பல்களிடம் ஆயம் வாங்கிய பிரபுக்களுடையவை. கௌப் என்னும் சிற்றூருக்கு எதிரே ஆற்று நடுவிலே ஒரு பாறைமீது, நங்கூரமிட்ட கப்பல்போல ஆயக்கோட்டையொன்று நிற்கின்றது. 1327ஆம் ஆண்டளவிற் கட்டத் தொடங்கியது.

அவ்வூரிலுள்ள நீரளவைக் கண்டு மாலுமிகள் அஞ்சுகின்றார்கள். 2018ஆம் ஆண்டு ஒற்றோபரில் அது 25 சென்ரிமீற்றராகத் தாழ்ந்தது. ஆற்றின் முழு ஆழமும் அவ்வளவே என்று கொள்ளலாகாது. கப்பற்பாதை அதனினும் ஆழமானது. எனினும் பாரமேற்றிய கப்பல்கள் செல்ல அது போதவில்லை. 2022ஆம் ஆண்டு ஆவணியிலும் அத்தகைய வரட்சி வந்தது. பெருவெள்ளம் வந்தாலும் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். இவ்வாறு நேரும்போது பிரயாணிகளைப் பஸ்ஸில் ஏற்றி அப்பாற் கொண்டுசெல்வதுண்டு. ஆகவே நதிப்பயணம் மேற்கொள்வோர் ஆற்றின் சித்தத்துக்கும் ஓரளவு இடங்கொடுத்தே புறப்படவேண்டும்.

கௌப்பைத் தாண்டியதும், 132 மீற்றர் உயரமான லோரலைப் பாறை. நதி அங்கே குறுகி வளைகின்றது. நீரோட்டம் வேகங் கொள்கின்றது. எதிரே வருங் கப்பல் கண்ணுக்குத் தெரியாதாகையால் கரையிலுள்ள விளக்குகள் சைகை காட்டுகின்றன. பாறையின் உச்சியிலிருந்து பாடி மாலுமிகளை மயக்கிய மங்கையின் கதையை ஹைன்றிஹ் ஹைன என்னும் கவிஞர் 1824இற் பாட, சில்ஹர் என்பார் 1837இல் அதற்கு இசையமைத்தார். அந்த இசை ஒலிபெருக்கியில் எழுந்தபோது மேற்றளத்திலிருந்த ஜேர்மானிய முதியவர்கள் தாமும் சேர்ந்து மெல்லப் பாடினார்கள்.

பக்கத்து நாற்காலியிலே மனைவி. மாலுமிகள் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து இருத்தியிருந்தார்கள். முழங்கால்மேல் ஒரு கம்பளி. ஆற்றங்கரையில் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் இலக்கப் பலகை நாட்டியிருக்கின்றார்கள். கொன்ஸ்ரன்ஸ் நகரத்துப் பாலத்திலிருந்து அந்த எண்ணிக்கை தொடங்குகின்றது. "546... 550... 554" என்று அவள் வாசித்துக்கொண்டே வந்தாள். ஓடி ஏறக்கூடிய இளைஞனும் நடக்கமாட்டாத கிழவியும் ஒரே கோட்டையை ஒரே கணத்திற் பார்த்தார்கள். யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. எவரும் பின்தங்கவில்லை. அவளுடைய முகத்தை நான் பார்த்தேன். கரைச்சல் என்ற சொல்லை அதன்பின் அவள் வாயிலிருந்து நான் கேட்கவில்லை.

கொலோன் நகரில் மெல்ல நடப்போர் குழுவுடன் அவளும் இறங்கினாள். 1248இல் தொடங்கி 1880இல் முடிந்த அந்தப் பெருந் தேவாலயத்தின் வாயிலில் நின்று 157 மீற்றர் உயரக் கோபுரங்களை அண்ணாந்து பார்த்தாள். அதன்மேல் ஏற 533 படிகள் உண்டு என்று நான் சொன்னபோது, "என்ரை பதினாறே எனக்குக் காணும்" என்று சிரித்தாள்.

புறப்படுமுன்

பிள்ளைகளைக் காண ஐரோப்பா செல்லும் நம் முதியோர் பலர், அடுக்குமாடி வீட்டின் சாளரத்தருகே மூன்று மாதத்தையும் கழித்துவிட்டுத் திரும்புகின்றார்கள். அவர்களுக்குச் சில வார்த்தை.

அறை பிடிக்குமுன், மின்தூக்கி எந்தெந்தத் தளத்துக்குச் செல்லும் என்று எழுத்தில் கேளுங்கள். கரைக்கும் கப்பலுக்கும் இடையிலுள்ள பலகை, நீர் மட்டத்துக்கேற்பச் செங்குத்தாகவும் இருக்கலாம். சக்கர நாற்காலியில் இருப்போர் இதை முன்னரே பேசிக்கொள்ளவேண்டும். துறைகளிற் கப்பலோடு கப்பலை அணைத்துக் கட்டுவதும் உண்டு. அப்போது உங்கள் சாளரம் மற்றக் கப்பலின் சாளரத்தைத்தான் பார்க்கும். கரைக்குப் போக அக்கப்பலினூடே நடக்கவேண்டும். நதிக்கப்பலிற் பொதுவாக வைத்தியர் இரார். மருந்தை நாட்கணக்கிலும் சற்றுக் கூடுதலாகவே, வைத்தியரின் சீட்டுடன் கொண்டு செல்லுங்கள். மரக்கறி உண்போர் முன்கூட்டியே அறிவித்தல் நன்று.

சுவிற்சலாந்து, பிரான்ஸ், ஜேர்மனி, ஒல்லாந்து ஆகிய நான்கும் செங்கன் விசாவொன்றில் அடங்கும். அவ்விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத வைத்தியக் காப்புறுதி வேண்டும். தனித்துச் செல்வோரிடம் பெரும்பாலும் மேலதிகக் கட்டணம் அறவிடுவார்கள், அதையும் விசாரியுங்கள்.

செலவு பெரிதென்று தயங்குவோருக்கு இன்னொரு வழியுண்டு. ரூடஸ்ஹைம், பாகராக், சென்கோவார் முதலிய ஊர்களிடையே பகற்கப்பல்கள் ஓடுகின்றன. 1820களில் நீராவிக் கப்பலோடு தொடங்கிய சேவை அது. ஒரு பகலுக்கு ஒரு சீட்டு வாங்கினாற் போதும்; அந்த ஆறும் அந்தக் கோட்டைகளும் அதே நாற்காலியிலிருந்து தெரியும்.

நாங்கள் ஊர் திரும்பிய பின்னர் ஐப்பசி மழை வந்தது. கார்த்திகையில் ஒரு நாட் காலை மனைவி விறாந்தையிலிருந்து கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, வழுக்கையாறு ஓடுதாம். ஒரு ஓட்டோவைப் பிடியுங்கோ, போய்ப் பார்ப்பம்."

மூன்று ஆண்டுகளாக வீட்டுப் படலையைத் தாண்டாதவள் அவள். போனோம். ஓட்டோவுக்குள் இருந்தபடியே அரை மணித்தியாலம் அந்தச் செம்மண் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கரையில் இலக்கப் பலகை ஒன்றும் இருக்கவில்லை.