அக்காவின் குளிசை

போன ஆடி அமாவாசைக்கு, ஐயாவின் விரதத்துக்காகக் கீரிமலையில் தீர்த்தமாடப் போன இடத்தில் அக்காவின் கால் கடற்கரைக் கல்லில் வெட்டுப்பட்டது. சின்னக் காயம்தான். சீழ் வைத்தது. முதலில் போட்ட குளொக்சசிலின் கேட்கவில்லை, அடுத்ததும் கேட்கவில்லை. மூன்றாவது மருந்தில்தான் ஆறத் தொடங்கியது. முப்பது வருடம் மருந்தாளராக இருந்த எனக்கு அந்த மூன்று கிழமையும் நித்திரை இல்லை.

அந்த நாள்களிலும் அக்கா தினமும் 20 மில்லிகிராம் தமொக்சிபென் குளிசை ஒன்று போட்டுக்கொண்டுதான் இருந்தா. மார்புப் புற்றுநோய் திரும்பாமலிருக்கத் தெல்லிப்பழையில் கொடுப்பது. 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை சனம் நடந்து சேர்த்த காசில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை அது.

1960களில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பனி தமொக்சிபெனைத் தேடியது கருத்தடைக்கு. பெண்களில் அது கருமுட்டை வருவதைத் தூண்டிவிட்டது. ஆனால் ஈஸ்ட்ரஜன் ஓமோன் போய் இருக்கும் இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளும் குணம் அதற்கு இருந்தது. அதனால் 1970களில் புற்றுநோய்க்கு வந்தது.

2015இல் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் அதைக் கிருமிப் பக்கம் திருப்பிப் பார்த்தார்கள். நம் இரத்தத்தின் வெள்ளணுக்களில் ஒரு வகை, தன் மரபணு இழைகளையே வலையாக வீசிக் கிருமியைப் பிடிக்கும். தமொக்சிபென் அந்த வலைவீச்சைக் கூட்டியது. மருந்துகளுக்கு அடங்காத ஸ்டபைலோகொக்கஸ் கிருமி ஏற்றிய எலிகளில், தமொக்சிபென் பெறாதவை ஒரு நாளைத் தாண்டவில்லை. பெற்றவற்றில் மூன்றிலொரு பங்கு ஐந்து நாள் உயிரோடிருந்தன.

“அப்ப என்ர காயத்தையும் உந்தக் குளிசைதான் ஆத்தினதோ தம்பி?”

இல்லையக்கா. அந்தப் பலன் எலிகளில் கண்டது. மருந்தே கிருமியை நேரே கொல்லத் தேவையான அளவோ, ஒரு குளிசையால் இரத்தத்தில் சேர்வதைவிட மிக அதிகம். கூட்டிக் கொடுக்கவும் ஏலாது. இரத்தம் கட்டிபடுவதும் கருப்பைப் புற்றுநோயும் இதன் தெரிந்த ஆபத்துகள். ஆனால் அந்த ஆபத்துகள் தெரிந்திருப்பதுதான் பழைய மருந்தின் பலம். புது மருந்தென்றால் அதை அறியவே பல வருடம் போய்விடும்.

எனக்குக் கூடுதல் நம்பிக்கை தருவது அதே 2015இல் கனடாவில், ரொறன்ரோவுக்குக் கிட்ட ஹமில்டனில் உள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கண்டது. பிள்ளைக்காகக் காத்திருக்கும் பெண்களுக்குக் கொடுக்கும் குளோமிபீன், தமொக்சிபெனின் நெருங்கிய சொந்தம். கிருமி தன் சுவரைக் கட்டக் கல் சுமந்து கொடுக்கும் கொழுப்பு ஒன்று உண்டு. அந்தக் கொழுப்பு உருவாவதைக் குளோமிபீன் தடுக்கிறது. கல் வராமல் சுவர் பலவீனப்பட்டு நிற்கையில், முன்பு தோற்ற பென்சிலின் குடும்ப மருந்து அந்த ஸ்டபைலோகொக்கஸை ஆய்வுகூடத்தில் மறுபடி அடக்கியது. அக்காவின் காலில் முதலில் தோற்ற குளொக்சசிலினும் அந்தக் குடும்பம்தான்.