ஒரே கலைப்பு, பல கைகள்: கணினிச் சொலிட்டயர் போட்டியாகும் விதம்

சொலிட்டயர் ஒருவர் தனித்திருந்து ஆடும் கடதாசி விளையாட்டு. அதன் பரவலான வகைகளில், கலைத்த கட்டைப் பரப்பி, சிவப்பும் கறுப்பும் மாறிமாறி வர இறங்கு வரிசையில் அடுக்கி, ஆசு முதல் ராசா வரை நான்கு இனங்களையும் தனித்தனியே ஏற்றி முடித்தால் வெற்றி. எதிரே ஆள் இல்லாத இந்த விளையாட்டைப் போட்டியாக்க நெடுங்காலம் ஒரு தடை இருந்தது. இருவர் கட்டைக் கலைத்தால் இருவருக்கும் ஒரே கடதாசிகள் ஒரே ஒழுங்கில் விழப்போவதில்லை. 52 கடதாசிகளை அடுக்கக்கூடிய வகைகளின் எண்ணிக்கையை எழுதினாலே 68 இலக்கங்கள் வரும். ஒருவர் வென்று மற்றவர் தோற்றால், அது திறமையால் வந்ததா கட்டின் தயவால் வந்ததா என்று தீர்ப்பளிக்க வழியில்லை. கணினி இந்தத் தடையை நீக்கியது. ஒவ்வொரு கலைப்புக்கும் ஓர் இலக்கம் கொடுத்துவிட்டால், அந்த இலக்கத்தைக் கேட்பவர் எந்த ஊரில் இருந்தாலும் அதே கடதாசிகள் அதே ஒழுங்கில் இறங்கும்.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது முந்நூற்றுநாலு என்ற கடதாசி ஆட்டம் ஆடியவர்களுக்கு உடனே விளங்கும். இலங்கையின் வடக்கே, வன்னியின் பரந்தன், கிளிநொச்சிப் பக்கங்களில் கடதாசி என்றாலே பெரும்பாலும் அந்த ஆட்டந்தான். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2 என்று ஓர் இனத்துக்கு 76 புள்ளிகள். நான்கு இனங்களுக்கும் சேர்த்து 304. எவ்வளவு கெட்டிக்காரர் ஆனாலும் ஜாக்கும் ஒன்பதும் கைக்கு வராத நாளில் துணிந்து ஏலம் கேட்க முடியாது. பிரிட்ஜ் ஆட்டக்காரர்கள், அதே கைகளைத் தட்டில் வைத்து மேசைக்கு மேசை அனுப்பி இந்தக் குறையைச் சரிசெய்கிறார்கள். கணினிச் சொலிட்டயரில் தட்டும் வேண்டாம், மேசையும் வேண்டாம். ஓர் இலக்கம் போதும்.

இந்த விளையாட்டின் போட்டி வரலாறு விண்டோஸுக்கு முன்பே தொடங்குகிறது. 1978இல் போல் அல்ஃபில் என்ற மாணவர், அமெரிக்காவின் இலினொய் பல்கலைக்கழகத்தில் உருவான பிளேட்டோ கணினி வலையமைப்பில் ஃப்ரீசெல் என்ற சொலிட்டயர் வகையை எழுதினார். தொடர்ச்சியாக அதிக ஆட்டங்களை வென்றவர்களின் தரப்பட்டியலை அந்த நிரலே வைத்திருந்தது. கடினமான கலைப்புகளைப் பொறுக்கியெடுத்து நடத்தும் போட்டிமுறையும் அதில் இருந்தது. வீடுகளில் கணினி அரிதாயிருந்த காலத்திலேயே, தனியாள் விளையாட்டு பலர் மோதும் களமாகிவிட்டது.

கனடாவில் பிளேட்டோவில் இதை ஆடிப் பழகிய ஜிம் ஹோர்ன், பின்னர் மைக்ரோசொஃப்டுக்காக விண்டோஸ் பதிப்பை எழுதினார். 1 முதல் 32,000 வரை இலக்கமிட்ட ஆட்டங்கள் அதில் இருந்தன. இந்த இலக்கம் கலைப்பின் விதை. விதையை 214013ஆல் பெருக்கி 2531011ஐக் கூட்டி, வரும் விடையின் ஒரு பகுதியைக் கொண்டு அடுத்த கடதாசியை நிரல் தெரிவு செய்கிறது. விடையையே மீண்டும் பெருக்கிக் கூட்டி அதற்கடுத்ததை எடுக்கிறது. தற்செயல் போலத் தோன்றுவது உண்மையில் மாறாத கணக்கு. அதனால்தான் 617ஆம் ஆட்டம் எங்கே திறந்தாலும் அதே 617ஆம் ஆட்டமாக இருக்கிறது. ஹோர்னின் இலக்க முறையைப் பின்னர் வந்த பல இலவச நிரல்களும் அப்படியே பின்பற்றுகின்றன.

எல்லா ஆட்டங்களையும் வெல்ல முடியும் என்று நம்பப்படுவதாகவும், ஆனால் அது நிறுவப்படவில்லை என்றும் அந்த நிரலின் உதவிக் குறிப்பு சொன்னது. அமெரிக்கரான டேவ் ரிங் அதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தார். 1994 ஓகஸ்டில் இணையத்தின் வழியே தொண்டர்களைத் திரட்டி, ஆளுக்கு நூறு ஆட்டங்களாகப் பகிர்ந்து கொடுத்தார். ஒருவருக்கு அடங்காத ஆட்டம் அடுத்தவருக்குப் போனது. 1995 ஏப்ரலில் வேலை முடிந்தபோது ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது: 11982ஆம் ஆட்டம். அதை வெல்லவே முடியாது என்பதைக் கணினி நிரல்கள் பின்னர் எல்லா வழிகளையும் தேடி உறுதிசெய்தன. ஆட்டங்கள் பத்து இலட்சமாகப் பெருகியபோதும் வெல்ல முடியாதவை எட்டு மட்டுமே. சொலிட்டயர் வரலாற்றில் இதைவிட அழகான கூட்டுமுயற்சி இல்லை என்றே சொல்லலாம். தனித்தனி வீடுகளில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோர், ஒருவரையொருவர் தோற்கடிப்பதற்கு அன்றி, விளையாட்டின் எல்லையைக் காண்பதற்காக ஆடினார்கள்.

போட்டிக்கு ஃப்ரீசெல் பொருந்துவதற்கு இன்னொரு காரணம், அதில் மறைந்த கடதாசி ஒன்றுகூட இல்லை. எட்டு நிரல்களிலும் (நெடுவரிசைகளிலும்) 52ம் முகம் காட்டிக் கிடக்கும்: நான்கு நிரல்களில் ஏழேழு, மற்ற நான்கில் ஆறாறு. மேலே தற்காலிகமாக ஒரு கடதாசியை ஒதுக்கி வைக்க நான்கு கட்டங்கள். விதிப்படி ஒரு தடவைக்கு ஒரு கடதாசியைத்தான் நகர்த்தலாம். கட்டங்களும் நிரல்களும் வெறுமையாக இருந்தால் அவற்றின் வழியாக ஒரு கூட்டத்தையே மாற்றலாம். எத்தனை கடதாசிகள் என்பதற்கு நேரான கணக்கு உண்டு. வெறுமையான கட்டங்களோடு ஒன்றைக் கூட்டி, வெறுமையான ஒவ்வொரு நிரலுக்கும் ஒருமுறை இரட்டிக்க வேண்டும். இரண்டு கட்டங்களும் ஒரு நிரலும் வெறுமை என்றால் மூன்றின் இரட்டிப்பு ஆறு. போய்ச் சேரும் இடமே அந்த வெறும் நிரல் என்றால் மூன்றுதான். ஏழு கடதாசிகள் கொண்ட ஓர் அடுக்கை நகர்த்த வேண்டிய இடத்தில் ஒரு கட்டத்தை முன்யோசனையின்றி நிரப்பியவர் அங்கேயே மாட்டுவார். தேர்ந்த ஆட்டக்காரர் முதல் கடதாசியைத் தொடுமுன்பே நான்கு ஆசுகளும் எவ்வளவு ஆழத்தில் கிடக்கின்றன என்று பார்ப்பார். கட்டங்களை நிரப்புவதைக் கடைசிவரை ஒத்திப்போடுவார்.

1990 மே மாதம் விண்டோஸ் 3.0 உடன் வந்து உலகெங்கும் பரவியது க்ளொண்டைக் என்ற சொலிட்டயர் வகை. மைக்ரோசொஃப்டில் பயிலுநராக இருந்த வெஸ் செரி அதை எழுதினார். கடதாசிகளை வரைந்தவர் சூசன் கெயர். இதில் பரப்பியவற்றிலேயே 21 கடதாசிகள் கவிழ்ந்து கிடப்பதால் ஊகத்துக்கு இடம் அதிகம். மீதிக் கட்டிலிருந்து மூன்று மூன்றாக எடுக்கும் முறையில், எல்லாக் கடதாசிகளும் தெரிந்திருந்தாலும் ஏறத்தாழ 82 வீதமான ஆட்டங்களைத்தான் வெல்ல முடியும் என்று ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணித்துள்ளனர்.

க்ளொண்டைக்கில் போட்டியின் தன்மையைப் புள்ளிமுறையே தீர்மானிக்கிறது. பழைய விண்டோஸ் நிரலில் ஒரு கடதாசியை ஏற்றினால் 10 புள்ளி, கவிழ்ந்ததைத் திருப்பினால் 5. இவ்வாறு எவ்வளவு திரட்டினாலும் ஏழரை நூறைத் தாண்டாது. ஆனால் முடித்த நேரத்தின் விநாடிகளால் 700,000ஐ வகுத்து வருவது மேலதிகப் புள்ளியாகக் கிடைக்கும்: 100 விநாடிக்கு 7,000, 70 விநாடிக்கு 10,000. ஆகவே இங்கே வெல்வது கைவேகம். வேகாஸ் முறை இதற்கு நேரெதிர். 52 டொலர் கடனோடு தொடங்கி, ஏற்றும் கடதாசி ஒவ்வொன்றுக்கும் 5 டொலர் வரும். 11 கடதாசிகள் ஏறினாலே கடன் தீர்ந்துவிடும். முடிக்க முடியாத ஆட்டத்திலும் இயன்றவரை மீட்கும் பொறுமைக்கு அங்கே மதிப்பு.

வன்னிக்கு இந்த அலை பிந்தியே வந்தது. போர்க்காலம் நெடுகிலும் மின்கம்பிகள் செத்துக் கிடந்த பரந்தனில், மின்சாரம் திரும்பிய பிறகே கணினி வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தது. இப்போது கையிலுள்ள தொலைபேசியே போதும். 2012இல் அறிமுகமான மைக்ரோசொஃப்ட் சொலிட்டயர் தொகுப்பில் நாளாந்தச் சவால்கள் வருகின்றன. உலகெங்கும் உள்ளோர் அதே ஆட்டத்தை அன்றைக்கே ஆடுகிறார்கள். 2020இல் மாதத்துக்கு 35 மில்லியன் பேர் அதை ஆடுவதாக நிறுவனம் அறிவித்தது.

காசு கட்டி ஆடும் செயலிகளும் இதே ஒரே கலைப்பு முறையைக் காட்டியே ஆட்களை இழுக்கின்றன. கடதாசி சமம் என்பதால் ஆட்டம் சமம் ஆகிவிடாது. எதிரில் ஆடுபவர் யார், எவ்வளவு பழகியவர் என்பது திரையில் தெரிவதில்லை. நிறுவனத்தின் பங்கு கழிந்த பிறகே பரிசு. இளையோர் இதிலிருந்து விலகி நிற்பதே நல்லது. இந்தியா 2025 ஓகஸ்டில், திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பாகுபாடின்றி, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைச் சட்டத்தால் தடை செய்தது.

காசில்லாமல் நல்லதொரு போட்டி நடத்த ஒரு பாடசாலையின் கணினி அறையே போதும். பத்து ஃப்ரீசெல் இலக்கங்களை முன்கூட்டியே தெரிவுசெய்து, எல்லோருக்கும் ஒரே வேளையில் அறிவிக்க வேண்டும். 11982 போன்ற வெல்ல முடியாதவற்றைத் தவிர்க்க வேண்டும். தீர்வு கண்டுபிடிக்கும் நிரல்கள் எளிதாகக் கிடைப்பதால், ஆட்டம் ஒரே அறையில் கண்காணிப்போடு நடப்பது அவசியம். நகர்வை மீளப்பெறும் வசதிக்கு இடம் உண்டா இல்லையா என்பதைத் தொடங்குமுன் தீர்மானித்துவிட வேண்டும். இல்லையேல் முடிவில் சண்டைதான் மிஞ்சும். முதலில் வென்ற ஆட்டங்களின் எண்ணிக்கை, அது சமமானால் நகர்வுகளின் குறைவு, அதுவும் சமமானால் நேரம் என்ற வரிசையில் தரப்படுத்தினால், கைவேகம் குறைந்த சிந்தனையாளருக்கும் இடம் கிடைக்கும்.